அக்காவின் படகில் நான் பூட்டிய சீட்

கண்டியில் பஸ்களுக்குச் சீட் பூட்டும் ஒரு கராஜில் பல வருடங்கள் வேலை செய்தேன். தரையில் துளை போட்டு, சீட்டின் கால் வழியாகப் போல்ட்டை இறக்கி, பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டு தகடும் நட்டும் கொடுத்து இறுக்க வேண்டும். ஹந்தானை மலையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, தோட்ட வேலைக்குப் போகாமல் டவுனுக்கு இறங்கிய எனக்கு அந்தத் தொழிலில் கொஞ்சம் கர்வம் இருந்தது. நான் பூட்டிய சீட் ஆடுகிறது என்று சொல்லிக்கொண்டு யாரும் திரும்பி வந்ததில்லை.

அக்காவை ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். தோட்டத்தில் வேலை நாட்கள் குறைந்தபோது மச்சான் அவளைக் கூட்டிக்கொண்டு விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரைக்குக் குடிவந்தார். பழைய பைபர் படகு ஒன்றை வாங்கி மீன் பிடிக்கத் தொடங்கினார். மச்சான் துடுப்புப் போடுவார், அக்கா வலையை இழுப்பாள். அவளுக்கு நீந்தத் தெரியாது. படகின் குறுக்குப் பலகை உடைந்துபோயிருந்ததால் ஒரு வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்துதான் இழுத்தாள். இடுப்பு வலி அவளைப் பாடாய்ப் படுத்தியது.

“ஒங்க கராஜுல கழட்டிப் போடுற பழைய சீட்டு ஒண்ணு கெடைக்காதாடா? சாஞ்சுக்கிட்டாவது இழுப்பேன்” என்று கேட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒற்றை சீட் ஒன்றைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். கரையில் இழுத்துப் போட்டிருந்த படகைப் பார்த்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. அடிவரை துளை போட்டால் தண்ணீர் உள்ளே வரும். போல்ட்டுக்கு வழியில்லை. தரையில் பைபருக்குள் பதித்திருந்த மரச்சட்டத்தில் நான்கு ஸ்குரூ ஆணிகளை முறுக்கினேன். மூன்று இறுகின. முன்காலில் போட்ட நான்காவது ஆணி சும்மா சுற்றியது. உள்ளே மரம் ஊறி உளுத்திருந்தது. இரண்டு தீக்குச்சிகளை ஒடித்துத் துளையில் திணித்து மறுபடியும் முறுக்கினேன். இறுகியது போலிருந்தது. இறுகவில்லை என்பது என் கைக்குத் தெரிந்தது.

அதைச் சொல்வதற்குள் அக்கா ஏறி உட்கார்ந்துவிட்டாள். சாய்ந்துகொண்டு, “எங்க கண்டக்டரு? டிக்கட்டு குடுக்கலியா?” என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து நாளாகியிருந்தது.

“டவுன் பாஸுன்னா டவுன் பாஸுதான்” என்று, கைவேலைக்காரனை எங்கள் பக்கம் கூப்பிடுகிற பேரைச் சொல்லி மச்சான் என் தோளைத் தட்டினார்.

அடுத்த வாரம் வந்து சரிசெய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் பஸ் ஏறினேன். அடுத்த வாரம் கராஜில் வேலை அதிகம். அதற்கடுத்த வாரம் மழை.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் கராஜுக்குப் போன் வந்தது. அக்கா தண்ணீரில் விழுந்துவிட்டாள், கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருகிறார்கள் என்று மச்சானின் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். எப்படி விழுந்தாள் என்று நான் கேட்கவில்லை.

வார்டில் அவள் தோளில் கட்டோடு கண்மூடிக் கிடந்தாள். காதோரம் தையல் போட்டிருந்தார்கள். மச்சான் இடுப்பில் ஈரம் காயாத சாரத்தோடு நின்றார். நடந்ததைத் திக்கித்திக்கிச் சொன்னார். வலை எதிலோ மாட்டியிருக்கிறது. அக்கா பின்னால் சாய்ந்து பலங்கொண்ட மட்டும் இழுத்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்துக் காற்றடித்துப் படகு சரிந்ததில் முன்கால் பெயர்ந்து, சீட்டோடு பின்னால் கவிழ்ந்துவிட்டாள். படகின் விளிம்பில் தோளும் மண்டையும் அடிபட்டு, வலையும் காலைச் சுற்றிக்கொள்ள, தண்ணீருக்குள் போனவளை மச்சான் குதித்து முடியைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார். பக்கத்தில் வலை போட்டிருந்த ஒரு சிங்கள மனிதர் வந்து இருவரையும் இழுத்துப் போட்டிராவிட்டால் இரண்டு பேருமே இல்லை.

“எல்லாம் ஏந் தப்பு மாப்ள” என்றார் மச்சான். “நாந்தான் நல்லா இழு, நல்லா இழுன்னு கத்துனேன்.”

அந்த இடத்திலாவது சொல்லியிருக்க வேண்டும். “அப்டியெல்லாம் நெனைக்காதீங்க மச்சான்” என்றுதான் சொன்னேன்.

அக்கா வீடு திரும்பிய பிறகும் மச்சான் படகைத் தொடவில்லை. அவள் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் சிரமப்படும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார். போகப்போகச் சாப்பாடும் குறைந்தது. அவர் சுமப்பது என்னுடைய பாரம் என்று தெரிந்துகொண்டே ஒன்றரை மாதம் போய்வந்தேன். கடைசியில் ஒரு மத்தியானம், அக்காவின் முன்னாலேயே மச்சானிடம் சொல்லிவிட்டேன். சுற்றிய ஆணி, தீக்குச்சி, எல்லாவற்றையும்.

மச்சான் எழுந்து வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவள வாளியிலயே ஒக்கார வச்சிருப்பேனே. ஏன்டா சொல்லல?”

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று அவர்கள் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து அக்காவே கூப்பிட்டனுப்பினாள். “கைய கட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தா அடுப்பு எரியுமா? வந்து ஒழுங்கா செஞ்சு குடு” என்றாள். குரலில் கோபமும் இல்லை, பழைய அன்பும் இல்லை.

இந்த முறை படகு செய்யும் ஒருவரைத் தேடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தேன். உளுத்த சட்டத்தை வெட்டி எடுத்தோம். படகின் இரண்டு பக்கமும் பழைய குறுக்குப் பலகை இருந்த பைபர் உள்விளிம்பில் தாங்குகிற மாதிரி கனமான பலாப் பலகை ஒன்றைக் குறுக்கே போட்டோம். நுனிகளை அந்த உள்விளிம்போடு சேர்த்துப் போல்ட் போட்டு, அடியில் அகலமான வாசர் கொடுத்து, நட்டுக்கு மேல் இன்னொரு நட்டும் இறுக்கினேன். சீட்டின் கால்களை அறுத்துத் தள்ளிவிட்டு, அதன் அடிச்சட்டத்தைப் பலகையோடு சேர்த்துப் பூட்டினேன். இப்போது சீட் முன்பைவிடப் பாதி உயரம்தான், எளிதில் கவிழாது. மச்சான் பலகையைப் பிடித்துக்கொண்டார், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார்.

முடிந்ததும், “நல்லா இறுக்கியிருக்கேன் மச்சான்” என்றேன்.

அவர் என் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கி, குனிந்து, ஒவ்வொரு நட்டாகத் தானே இறுக்கிப் பார்த்தார். பிறகு அக்காவை வரச் சொன்னார். அவள் ஏறவில்லை. இடது கையால் சீட்டின் சாய்மானத்தைப் பிடித்து முன்னும் பின்னும் உலுக்கிப் பார்த்துவிட்டு, “நாளைக்குப் பாப்பம்” என்று வீட்டுக்குப் போனாள். மறுபடி அவள் தண்ணீருக்கு இறங்கியது அதற்கும் இரண்டு மாதம் கழித்துத்தான்.