எங்க வூட்டு ஜப்பான் அகராதி

என் தங்கச்சி நர்சிங் படிச்சவ. ஜப்பான்ல முதியோர் இல்லத்துல வேலைக்குப் போகணும்னு ஒத்தக்கால்ல நின்னா. அவ வாங்கின அகராதி இங்கிலீஷ்ல அர்த்தம் சொல்லும், அதை அவ தமிழுக்குக் கொண்டாரணும். "இன்னாண்ணா இது, பக்கத்துல கீற டோல்கேட்டுக்குப் போறதுக்கு புழல் வழியா சுத்தி பஸ் வுட்ட மாதிரி கீது"ன்னா. எனக்குப் பொழப்பே சாப்ட்வேர்தான், கம்பெனியில ஜப்பான்காரங்களோடதான் மாரடிக்கிறேன். நாமளே ஒண்ணு செஞ்சா இன்னான்னு ஞாயித்துக்கிழமைகள்ல உக்காந்துட்டேன்.

போன்ல ஜப்பான் வார்த்தையைத் தட்டினா தமிழ் அர்த்தம் வரும், தமிழைத் தட்டினா ஜப்பான் வார்த்தை வரும். கூடவே ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம். அதை ஜப்பான் மொழியில ஒரு தபா, தமிழ்ல ஒரு தபா ஒரு பொம்பளக் குரல் படிக்கும், நிறுத்துற வரைக்கும் படிச்சுகினே இருக்கும். சமைக்கும்போதும் காதுல வுழட்டுமேன்னு நான்தான் அப்படி வெச்சேன். வாக்கியமெல்லாம் ஏதோ பாடப்புத்தகத்துல கீற மாதிரி எழுதினது. அதுல ரொம்பப் பெருமை வேற எனக்கு.

அப்பா விசைப்படகுல தொழிலுக்குப் போறவரு. எங்க குப்பத்துல கடலுக்குக் கெளம்புறவங்களைப் பார்த்து எங்க போறேன்னு யாரும் கேக்கமாட்டாங்க. தப்பித்தவறிக் கேட்டுட்டா, திரும்பி வந்து உக்காந்து தண்ணி குடிச்சுட்டுத்தான் மறுபடி கெளம்பணும். அன்னிக்கு அவரு வாசப்படியைத் தாண்டுறாரு, அடுப்பாண்ட கீற போன் சத்தமா, "நீங்கள் எங்கே செல்கிறீர்கள்?"

அப்பா அப்படியே நின்னுட்டாரு. "யார்டி அவ?"

திரும்பி வந்து உக்காந்தாரு, தண்ணி குடிச்சாரு, எழுந்தாரு. மறுபடியும், "நீங்கள் எங்கே செல்கிறீர்கள்?" தங்கச்சி கை பூரா மீன் செதிலு. முழங்கையால போனை அமுக்கப் பாக்குறா, அதுக்குள்ள மூணாவது தபாவும் கேட்டுட்டா அந்த மவராசி. அப்பா சட்டையைக் கழட்டிட்டாரு. காசிமேட்டுல படகு அவரை வுட்டுட்டே போயிடுச்சு.

"ஜப்பானும் வேணா, ஒண்ணும் வேணா"ன்னு கத்தினாரு. அதுவரைக்கும் அவரு சரின்னும் சொன்னதில்ல, வேணான்னும் சொன்னதில்ல. "அவ்ளோ தூரம் பொண்ண அனுப்பிட்டு நான் இங்க பேஜார் பட்டுகினு கெடக்கணுமா?" இண்டர்வியூ அடுத்த மாசம். தங்கச்சி மீனைக் கழுவிகினே இருந்தா. எனக்கு என் மேலயே செம கடுப்பு.

அந்த ஞாயித்துக்கிழமையே பழைய வாக்கியத்தையெல்லாம் வழிச்சுப் போட்டேன். எங்க வூட்டுல இன்னா பேசுவோமோ அதையே எழுதினேன். 'காத்திருத்தல்'னு தட்டினா, "படகு இன்னும் கரைக்கு வரல." 'காத்து'ன்னு தட்டினா, "எண்ணூர் காத்து இன்னிக்குக் கொஞ்சம் தேவல." 'உப்பு'க்குத் தங்கச்சியே சொன்னா, "அண்ணன் வெச்ச கொழம்புல உப்பு ஜாஸ்தி." அடுத்த ரூம்ல இருந்து அதைக் கேட்டுட்டு அப்பா சிரிச்சாரு. சிரிச்சது தெரியக் கூடாதுன்னு இருமினாரு.

அதுக்கப்புறம் அவளுக்கு ஜப்பான் மொழி சரசரன்னு ஒட்டிக்கிச்சு. 'சத்தம்'னா சாத்தாங்காட்டு இரும்பு லாரி, 'கோவம்'னா அப்பா. மறக்குமா?

இண்டர்வியூ வூட்லயே, வீடியோ கால்ல நடந்துச்சு. அன்னிக்குக் கத்தினதுக்கப்புறம் அப்பா சரின்னும் சொல்லல, வேணான்னும் சொல்லல; கேமராவுக்குப் படாம மூலையில குந்திகினு இருந்தாரு. ஒரு மண்ணும் புரியல அவருக்கு, ஆனா அவ தயங்கினப்பெல்லாம் இவரு மூச்சைப் புடிச்சுகினாரு. கடைசியில கேள்வி கேட்ட ஜப்பான்காரம்மா சிரிச்சுகினே, வேலைக்கு எடுத்துக்கிறோம்னாங்க. தங்கச்சி அப்பாவைத் திரும்பிப் பார்த்தா. அவரு செருப்பை மாட்டிகினு தெருவுக்குப் போயிட்டாரு. நாங்க ரெண்டு பேரும் வாசல்லயே நின்னு தெருவைப் பாத்துகினு இருந்தோம்.

கொஞ்ச நேரம் கழிச்சு வந்தாரு, கையில பிரியாணிப் பொட்டலம். என்னைத் தனியா கூப்ட்டு அவரு போனை நீட்டினாரு. "அந்த டிக்‌ஷ்னரிய இதுலயும் ஏத்து."

"ஒனக்கு எதுக்குப்பா?"

"நான் போன் போடுறப்ப அவ எடுக்காம வேற யாராச்சும் எடுத்தா? எம் பொண்ணு நல்லா கீறாளான்னு நான் கேக்க வேணாமாடா?"

'மகள்'னு கீற இடத்துல அதையே வாக்கியமா போட்டுக் குடுத்தேன். "முசுமே வா கெங்கி தெஸ் கா?" சாயங்காலம் வரைக்கும் வூட்டுக்குள்ள அதையே சொல்லிகினு சுத்தினாரு. அவரு கேக்குறப்பெல்லாம் தங்கச்சி அடுப்பாண்டயிருந்து, "நல்லா கீறா"ன்னு ஜப்பான் மொழியில பதில் சொல்லிகினே இருந்தா.