சுவருக்கு அந்தப் பக்கம் படிச்சவ

சிவசங்கரி இடது கையால சாப்பிடுறதைப் பார்த்துட்டு எங்க கோர்ட் கேன்டீன்ல சிரிக்காத ஆள் கிடையாது. நானும் சிரிச்சிருக்கேன். காரணம் தெரிஞ்ச அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல. இது நடந்த கதை. புருடான்னு நினைக்கிறவங்க தாராளமா நினைச்சுக்கங்க, எனக்கொன்னும் நஷ்டம் இல்ல. அவளையே போய்க் கேளுங்க, வாயைத் திறக்க மாட்டா. அதான் நான் சொல்றேன்.

சட்டம் படிச்சு முடிச்சா மட்டும் வக்கீல் ஆயிட முடியாது. பார் கவுன்சில் பரீட்சைன்னு ஒன்னு இருக்கு. பதிவு பண்ண ரெண்டு வருஷத்துக்குள்ள பாஸ் பண்ணணும், இல்லன்னா கருப்பு கோட்டைக் கழட்டி மாட்டிட வேண்டியதுதான். இத்தனைக்கும் சட்டப் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். அப்படியும் சிவசங்கரிக்கு ரெண்டு தடவை ஊத்திக்கிச்சு. அந்த ரெண்டு வருஷம் முடியுறதுக்குள்ள மிச்சம் இருந்தது ஒரே ஒரு தடவை.

அவ அப்பா பலராமன் மில்லு மூடினப்புறம் வாட்ச்மேன் வேலைக்குப் போறவரு. ராத்திரி டியூட்டி முடிச்சு வந்து, தூங்குறதுக்கு முன்னாடி மகளோட கோட்டை அவரே இஸ்திரி போட்டு ஆணியில மாட்டி வைப்பாரு. அந்த ஆணி வெறுமையாயிடக் கூடாதுன்னுதான் அவளுக்குக் கவலை. சீனியர் ஜானகிராமன் வேற, "இந்தவாட்டியும் போச்சுன்னா வக்காலத்துல உன் பேரைப் போட முடியாதும்மா"ன்னு சொல்லிட்டாரு.

கருவடிக்குப்பத்துல அவ வீட்டுல எந்நேரமும் சத்தம். அதனால முத்தியால்பேட்டையில ஜெயம்னு ஒரு அம்மா வீட்டு மாடி ரூமைப் படிக்கிறதுக்காக எடுத்தா. நம்ம ஊருல மத்தியானம் கடையெல்லாம் சாத்திட்டா நாலு மணி வரைக்கும் தெருவுல ஈ காக்கா இருக்காதுல்ல? அதுதான் அவ படிக்கிற நேரம். முதல் நாள், மணி ஒன்றரை இருக்கும். காலேஜ்ல பழகின மாதிரி புத்தகத்தை மூடி வச்சிட்டு, தனக்குத்தானே சத்தமா கேட்டுக்கிட்டா.

"கொலைக்குத் தண்டனை?"

பின் சுவருக்கு அந்தப் பக்கத்துலேருந்து பதில் வந்துச்சு.

"முந்நூத்தி ரெண்டு."

பொண்ணு குரல், சின்ன வயசு. சிவசங்கரி தூக்கிவாரிப் போட்டு எழுந்து, அப்புறம் சிரிச்சுட்டா. பின்னாடி வீட்டுலயும் ஒரு வக்கீல் பொண்ணு படிக்குது போல. ஆனா பதில் தப்பு. பழைய தண்டனைச் சட்டத்துலதான் அது முந்நூத்தி ரெண்டு. அந்தச் சட்டத்தையே தூக்கிட்டுப் புதுசு கொண்டாந்து வருஷம் ஒன்னு தாண்டிடுச்சு. இப்போ அது நூத்தி மூணு.

"திருட்டு?"

"முந்நூத்தி எழுபத்தொம்போது."

"ஏமாத்து?"

"நானூத்தி இருபது."

டக்கு டக்குன்னு பதில். எல்லாமே பழசு. கிண்டல் பண்ணுதுன்னு நினைச்சா. மறுநாளும் அப்படியே, அதுக்கடுத்த நாளும் அப்படியே. இருந்தாலும் கூடப் படிக்க ஒரு ஆள் கிடைச்சதுல அவளுக்குச் சந்தோஷம்தான். ஒன்னே ஒன்னு உறுத்திச்சு. அந்தப் பக்கம் ஃபேன் சத்தம் இல்ல. நாற்காலி இழுக்குற சத்தம் இல்ல. ஒரு இருமல், தும்மல் இல்ல. பதில் மட்டும்தான் வரும்.

"எழுதிப் பாரும்மா, மனசுல நிக்கும்"னு ஒருநாள் சொன்னா.

"என்னால எழுத முடியாதுக்கா. நீங்க எழுதுங்க."

பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்துச்சு. அதுக்கு மேல அவளுக்கு மனசு கேக்கல. "ஏம்மா பழசையே சொல்லிட்டிருக்க? சட்டம்தான் மாறிடுச்சே. கொலைக்கு இப்போ நூத்தி மூணு."

ரொம்ப நேரம் கழிச்சு...

"எப்பக்கா மாத்துனாங்க?"

சிவசங்கரி நிமிர்ந்து சுவரைப் பார்த்தா. வக்கீலுக்குப் படிக்கிற பொண்ணுக்கு இது எப்படித் தெரியாம இருக்கும்?

குரல் அழ ஆரம்பிச்சுது. "எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேனே... மறுபடியும் மொதல்லேருந்தா?"

அழுகை சுவருக்குப் பின்னாடி கேக்கல. சுவருக்குள்ள கேட்டுச்சு.

அப்புறம்... மேஜைக்கு அடியில.

அப்புறம்... பேனா புடிச்சிருந்த அவ கைக்குப் பக்கத்துல.

புத்தகத்தை வாரிக்கிட்டு ஓடினவதான், அந்தப் பக்கமே போகல. வீட்டுலயே சத்தத்துக்கு நடுவுல படிச்சா. குரல் வரல. வலது கை மட்டும் ஜில்லுன்னே இருந்துச்சு, மீன் பெட்டி ஐஸுக்குள்ள விட்டு எடுத்த மாதிரி.

பரீட்சை சென்னையில. கேள்வியெல்லாம் சுலபம்தான். புதுச் சட்டம் கண்ணுக்கு முன்னால விரிஞ்சு கிடக்கு. கொலைக் கேள்வி வந்துச்சு. நூத்தி மூணு. அந்த விடைக்கான வட்டத்துல பேனாவை வச்சா.

கை நகர்ந்துச்சு.

அடுத்த வட்டத்துக்குப் போச்சு. முந்நூத்தி ரெண்டு.

இழுத்தா. வரல. இடது கையால புடிச்சுத் தள்ளினா. அசையல. வலது கை பாட்டுக்கு நிதானமா அந்த வட்டத்தைக் கறுப்பாக்கிச்சு.

அடுத்த கேள்வி... கண்ணு ஒன்னு படிக்குது. கை ஒன்னு எழுதுது.

கத்த வாயைத் திறந்தா. சத்தம் வரல.

"ஏம்மா அழுவுற? டைம் இருக்கு, மெதுவா எழுது"ன்னு சொல்லிட்டு மேற்பார்வை சார் நடந்து போயிட்டாரு.

பெல் அடிச்சப்புறம்தான் கை அவ சொன்னதைக் கேட்டுச்சு.

ஃபெயில்.

ரிசல்ட் வந்த அன்னைக்கு அப்பா ஆணியிலேருந்து கோட்டை எடுத்து, மடிச்சு, பீரோவுக்குள்ள வச்சாரு. நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூட தேவலன்னு இருந்துச்சாம் அவளுக்கு.

ரூம் சாவியைக் குடுக்கப் போனப்ப ஜெயம்மாகிட்ட கேட்டா. "பின்னாடி வீட்டுல படிக்கிற பொண்ணு யாருங்க?"

"பின்னாடி வீடா? அத இடிச்சு எத்தினி வருஷம் ஆவுது! வெறும் முள்ளுக்காடு. போய்ப் பாத்துட்டு வா."

சிவசங்கரி நகரல. ஜெயம்மா அவ முகத்தையே பார்த்தாங்க. அவங்க குரல் இறங்கிடுச்சு.

"உனக்கு மின்னாடி இனியான்னு ஒரு பொண்ணு அந்த ரூமுல படிச்சிச்சி. இதே பரீட்சைக்குத்தான். சட்டம் மாறுறதுக்கு மிந்தின வருசம்... எழுதப் போறப்ப ஈசிஆர்ல லாரி அடிச்சிடுச்சி. சொன்னா நீ பயப்படுவன்னு சொல்லலம்மா."

ஜெயம்மா சாவியை வாங்கி இடுப்புல செருகிக்கிட்டாங்க.

"ஒடம்பு கெடைச்சிது. வலது கை மட்டும் கெடைக்கவேயில்ல. அது இல்லாமதான் அடக்கம் பண்ணாங்க."

இப்போ சிவசங்கரி அதே சீனியர்கிட்ட ஃபைல் எடுத்துக் குடுக்குற வேலை பார்க்குறா. ரெண்டு வருஷம் தாண்டிட்டாலும் பரீட்சையை மறுபடி எழுதலாம். பாஸ் பண்ணா கோட்டு திரும்பக் கிடைக்கும். "ஏன்டி எழுத மாட்டேங்குற?"ன்னு போன வாரம் கேன்டீன்ல நான் பிடிச்சுக்கிட்டேன். அப்பதான் இது எல்லாத்தையும் சொன்னா.

நான் நம்பலன்னு அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. தட்டைக் கிட்ட இழுத்து, வலது கையைச் சோத்து மேல வச்சா.

விரல் தானா நகர்ந்துச்சு.

"எப்பவும் முந்நூத்தி ரெண்டுன்னுதான் எழுதும்" அப்படின்னா. "நான் புத்தகத்தைத் தொட்டே மாசக் கணக்காச்சு. அன்னைக்குச் சுவர்கிட்ட ஒரு தடவை சொன்னதோட சரி. ஆனா நேத்துலேருந்து..."

எட்டிப் பார்த்தேன். வெள்ளைச் சோத்துல கோணல்மாணலா மூணு இலக்கம்.

103.

"நான் போய் உட்கார்ந்தா இந்தவாட்டி பாஸாயிடும்டி" அப்படின்னா. அவ கண்ணுல தண்ணி. "ஆனா பாஸாகுறது நான் இல்ல."