மூன்று பேருக்கு ஒரு துண்டு

ஊர்த் துணியை வெளுத்துப் பிழைக்கிறவன் நடுத்தெருவில் நின்று தொடையிடுக்கைச் சொறிந்துகொண்டிருந்தால் யார் அவனை நம்பித் துணி போடுவார்கள்? அந்த மழைக்காலம் முழுக்க எனக்கு இருந்த கவலை இது மட்டும்தான் என்று சொன்னால் பொய். இதைவிடப் பெரிய கவலை வீட்டுக்குள் இருந்தது. ஆனால் எல்லாம் சொறிவதில்தான் தொடங்கியது என்பதால் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் விருதுநகர்ப் பக்கத்து ஆள். கல்யாணத்துக்குப் பிறகு மட்டாஞ்சேரிக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தேன். வீட்டில் மூன்றே பேர். மாமா, அதாவது மாமனார், விடிந்ததிலிருந்து மதியம் வரை தொட்டித் தண்ணீரில் நின்று துணி அடிப்பார். நான் பைக்கில் போய் ஹோம்ஸ்டே, லாட்ஜ், வீடுகளிலிருந்து மூட்டை எடுத்து வந்து, அவரோடு சேர்ந்து துவைத்துப் பிழிந்து காயப்போடுவேன். மனைவி வீட்டு வாசலில் மேசை போட்டு, சிரட்டைக் கரி நிரப்பிய பெட்டியால் இஸ்திரி போடுவாள். மூவருக்கும் பேச நேரமே கிடையாது, ஆனாலும் பேசிக்கொண்டே இருப்போம்.

எங்கள் தொழிலில் ஒரு பெருமை உண்டு. ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டுக்குப் போகாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம்: காலர் ஓரத்தில், விரிப்பின் மூலையில், அழியாத கறுப்பு மையில் இரண்டு புள்ளி ஒரு கோடு, மூன்று கோடு ஒரு புள்ளி என்று. தண்ணீரில் நூறு சட்டை கலந்து கிடந்தாலும் மாமா மூலையைப் புரட்டிப் பார்த்து எது யாருடையது என்று சொல்லிவிடுவார். ஆனால் எங்கள் சொந்தத் துணிக்கு அடையாளம் கிடையாது. வீட்டுக்குள் என்ன கலந்தால் என்ன? குளியலறை ஆணியில் ஒரே ஒரு தோர்த்து, அந்த ஊர் மெல்லிய துண்டு, தொங்கும். மாமா குளித்துத் துடைப்பார், அடுத்து நான், கடைசியில் அவள். அது காய்ந்து நான் பார்த்ததே இல்லை.

ஜட்டி விஷயம் இன்னும் மோசம். ஊரே பார்க்கக் கட்டிய கொடியில் வெள்ளை விரிப்புகள் வெயிலில் பளபளக்கும். எங்கள் உள்ளாடை மட்டும் சமையலறைக்குப் பின்னால், ஒரு பழைய புடவைக்கு அடியில், யாரும் பார்க்காத இருட்டில் தொங்கும். வாடிக்கையாளர் விரிப்புக்குப் பக்கத்தில் சொந்த ஜட்டி தொங்கினால் மரியாதை போய்விடுமாம். வெயில் அடிக்கும் மாதங்களிலேயே அரைகுறையாகத்தான் காயும். மழையில் கேட்கவே வேண்டாம். ஈரத்தோடு எடுத்து மாட்டிக்கொண்டு, ஈரக் கைலியோடு தொட்டியில் நிற்பேன்.

ஜூன் பாதியில் அரிப்பு வந்தது. முதலில் கொசு என்றேன். பிறகு சோப்பு என்றேன். பிறகு சிவப்பாக ஒரு வட்டம் விளிம்பு கட்டி வளர ஆரம்பித்தபோது யாரையும் குறை சொல்ல முடியவில்லை. மருந்துக்கடைச் சேட்டனிடம் போய், என் சிநேகிதன் ஒருவனுக்கு இப்படி இருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் சிநேகிதன் என்னைப் போலவே கால் அகட்டி நடக்கிறானா என்று மட்டும் கேட்டுவிட்டு ஒரு ட்யூப் கொடுத்தார்.

அது மந்திர மருந்து. தடவிய இரண்டாம் நாளே அரிப்பு ஓடிவிட்டது. நான்காம் நாள் தோல் பளிங்கு மாதிரி. நிறுத்தினேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது, ஆனால் தனியாக வரவில்லை. தொடையில் பாதி தூரத்தைப் பிடித்துக்கொண்டது. மறுபடி தடவினேன், மறுபடி ஓடியது, மறுபடி இன்னும் அகலமாக வந்தது. ட்யூபை யாரும் தொடாத உடைந்த இஸ்திரிப் பெட்டிக்குள் ஒளித்துவைத்திருந்தேன். நான் எப்போதும் அடியிலிருந்துதான் பிதுக்குவேன். ஒரு நாள் எடுத்துப் பார்த்தால் நடுவில் அமுங்கியிருந்தது, நான் விட்டதைவிட ரொம்பவும் தீர்ந்துமிருந்தது.

அன்றுதான் மனைவி பாயை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள். ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். அந்த வீட்டு ஃபேன் சுற்றுவதே தெரியாது. அவள் ட்யூபைக் கண்டுபிடித்துவிட்டாள், என்னைப் பற்றி ஏதோ முடிவுக்கு வந்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. என்ன முடிவு என்பது இரண்டு நாள் கழித்து, நான் துணி எடுக்கக் கிளம்பும்போது தெரிந்தது. பெட்டியில் கரியை ஊதிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"லாட்ஜுக்குப் போறப்போ துணி மட்டும்தான் எடுக்குறீங்களா?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வேறென்ன எடுப்பார்கள், தலையணையையா என்று கத்திவிட்டுப் போய்விட்டேன். வழியெல்லாம் கோபம். தோப்பும்படி தாண்டும்போது கோபம் இறங்கி பயம் வந்தது. எனக்கு அவளைப் பிடிக்கும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பப் பிடிக்கும். ஆலுவாவில் அவள் அக்கா வீடு இருந்தது. ஓணத் துணி வேலை முடிந்ததும் கொஞ்ச நாள் அங்கே போய் இருக்கப்போவதாக மாமாவிடம் சொல்லியிருந்தாள். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று மாமாவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. போனால் திரும்ப மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாளே தோல் டாக்டரைப் பார்க்க முடிவு செய்தேன். தனியாகப் போனால் என்ன பயன்? நீயும் வா, அந்த டாக்டர் வாயாலேயே கேட்டுக்கொள் என்றேன். அவள் உடனே பர்தாவை மாட்டிக்கொண்டு கிளம்பியதில் எனக்கே ஆச்சரியம். பைக்கில் இருவருக்கும் நடுவே இன்னொரு ஆள் உட்காரும் இடைவெளி இருந்தது.

டாக்டர் என் அம்மா வயதுப் பெண். திரைக்குப் பின்னால் நின்று கைலியைத் தூக்கிய அந்த ஒரு நிமிடத்தை நான் விவரிக்கப்போவதில்லை. ட்யூபை வாங்கிப் பார்த்தவர் அதைக் குப்பையில் போட்டார். அதில் கலந்திருக்கும் ஸ்டீராய்டு அரிப்பை மட்டும் அடக்கிவிட்டு, பூஞ்சையை உள்ளே வைத்து வளர்க்கும் என்றார். இது படர்தாமரை, மலையாளத்தில் புழுக்கடி, மழைக்காலம் முழுக்க இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார். என் மனைவி தலையைக் குனிந்தபடி, இது எப்படி வரும் என்று கேட்டாள். லாட்ஜ் என்ற சொல்லையும் எப்படியோ உள்ளே நுழைத்துவிட்டாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மோளே, ஈரத்துணியில இருந்து வரும், வேர்வையில இருந்து வரும், ஒரே தோர்த்து உபயோகிச்சா வரும். லாட்ஜுக்கும் இதுக்கும் ஒரு பந்தமும் இல்ல."

எனக்கு எழுந்து ஆடவேண்டும்போல இருந்தது. ஆனால் டாக்டர் அவள் பக்கம் திரும்பி, உனக்கும் இருக்கிறதா என்று கேட்டார். அவள் பர்தாவை இன்னும் இழுத்து இறுக்கிக்கொண்டாள். அந்த இழுப்பிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ட்யூபை நடுவில் அமுக்கியவள் அவள்தான். பாயை எடுத்துப் போனது என் மேல் சந்தேகத்தால் மட்டுமல்ல. தன்னுடையதை நான் பார்த்துவிடக் கூடாது என்பதற்கும்தான். இவ்வளவு நாளும் ஒரே வீட்டில் ஒரே மருந்தை ஒருவருக்கொருவர் தெரியாமல் தடவிக்கொண்டிருந்திருக்கிறோம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் அழுதாள், நான் கூரையைப் பார்த்தேன்.

டாக்டர் அதோடு விடவில்லை. வீட்டில் யாருக்காவது கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் உண்டா என்றார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கும் மாமாவின் விரல் இடுக்கு ஊறிய அவலாட்டம் வெள்ளை வெளேரென்று இருக்கும். அவர் குளித்து முதலில் கால் துடைப்பார். அதே தோர்த்து அப்புறம் எனக்கு. அப்புறம் அவளுக்கு. ஊர்த் துணியைக் கலக்காதவர்கள் நாங்கள்.

மூவருக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் நடக்காவிட்டால் பந்து மாதிரி மாறி மாறி வந்துகொண்டே இருக்கும் என்றார் டாக்டர். எங்கள் இருவருக்கும் மாத்திரை, மாமாவையும் சேர்த்து எல்லோருக்கும் ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சைக் களிம்பு. சிவப்பைத் தாண்டி நல்ல தோலிலும் இரண்டு விரல் அகலம் தடவவேண்டும். அரிப்பு நின்றபிறகும் இரண்டு வாரம் நிறுத்தக் கூடாது. குளித்ததும் இடுக்குகளில் ஈரம் இல்லாமல் ஒற்றி எடுக்கவேண்டும், ஆளுக்கொரு துண்டு, தொளதொளவென்ற பருத்தி உள்ளாடை, வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைக்கவேண்டும். வெயில் இல்லையே என்றேன். அப்படியானால் இஸ்திரி போடுங்கள் என்று சொல்லிவிட்டு, நாங்கள் என்ன தொழில் செய்கிறோம் என்று கேட்டார். சொன்னதும் முதல்முறையாகச் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார்.

வீடு திரும்பியபின் ஒரு சிக்கல். இதை மாமாவிடம் யார் சொல்வது? மகள் அப்பாவிடம் எப்படிச் சொல்வாள், மருமகன் மாமனாரிடம் எப்படிச் சொல்வான்? நான் தொண்டையைக் கனைத்து மழையைப் பற்றிப் பேசினேன். அவளோ நேரே போய் மை பேனாவை எடுத்தாள். புதிதாக மூன்று தோர்த்து வாங்கி வந்திருந்தோம். ஒன்றின் மூலையில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதில் மூன்று. மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டுத் துணிக்கு எதற்கு மார்க் என்றார்.

"அப்பா, இனி ஒத்தப் புள்ளி உங்களோடது. அதுல எங்க கை படாது, எங்களோடதுல உங்க கால் படாது."

 மாமா குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்தார். பிறகு உடைந்த இஸ்திரிப் பெட்டி இருந்த மூலைக்குப் போய், உள்ளே கையை விட்டுத் துழாவி, அங்கே இருந்தது எங்கே என்று கேட்டார். நான் ட்யூப் அவ்வளவு வேகமாகத் தீர்ந்ததன் காரணத்தை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த நாளிலிருந்து வாசல் மேசையில் பள்ளிச் சீருடைக்கும் முண்டுக்கும் நடுவே எங்கள் ஜட்டிகளுக்கும் இஸ்திரி விழுந்தது. முதல் நாள் அவள் அதை ஒரு சட்டைக்குள் மறைத்துத் தேய்த்தாள். மூன்றாம் நாள் மறைக்கவில்லை. துணி வாங்க வந்த டீச்சர் ஒருவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்து, அதற்குமா தேய்ப்பு என்று கேட்டார். டாக்டர் சொன்னார் என்று இவள் நிதானமாகச் சொன்னாள். அடுத்த வாரம் டீச்சர் வீட்டு மூட்டையில் அவர் கணவருடைய ஜட்டிகள் நாலைந்து இருந்தன. யாரும் எதுவும் கேட்கவில்லை, நாங்களும் தேய்த்துக் கொடுத்தோம்.

பத்து நாளில் அரிப்பு போனது. எனக்கு உடனே களிம்பை நிறுத்தத் தோன்றியது. அவள் விடவில்லை, காலையும் மாலையும் ட்யூபை நீட்டிவிட்டுத் திரும்பி நின்றுகொள்வாள். எங்கள் ட்யூப் இப்போது அடியிலும் நடுவிலுமாகப் பகிரங்கமாக அமுங்கிக்கொண்டிருந்தது. ஓணம் வந்தது, போனது. ஆலுவா பேச்சை அவள் எடுக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. ஆனால் பாய் மட்டும் சமையலறைப் பக்கமே கிடந்தது. லாட்ஜ் கேள்விக்கு அவள் மன்னிப்பும் கேட்கவில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

டாக்டர் கடைசியாகப் பார்த்து, மூவருக்கும் சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிய அன்று மதியம் மழை விட்டு நல்ல வெயில். நான் கொடியில் விரிப்புகளைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் வந்தேன். அவள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் அறை வாசலில் நின்றிருந்தாள். இனிமேல் லாட்ஜ் மூட்டையை எடுக்கத் தானும் கூட வரட்டுமா என்று கேட்டாள். அதுதான் அவளுடைய மன்னிப்பு. தலையணை எடுக்க ஆள் வேண்டும்தான் என்றேன். சிரித்தாள். எத்தனை வாரத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன்! குஷியில், அப்படியென்றால் இனி துண்டும் ஒன்று போதுமே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அவள் என் பாய்க்குப் பக்கத்தில் தன்னுடையதை விரித்து, இரண்டின் ஓரத்தையும் காலால் தள்ளிச் சேர்த்தாள்.

"பாய் வேணும்னா ஒண்ணாக்கலாம். துண்டு ரெண்டுதான்."