ஜெயராணி திருப்பிய முட்டைகள்

பேசிக்கொண்டே கையில் கிடைப்பதை அரை வட்டம் திருப்பிவிடுவாள் ஜெயராணி. டீ கிளாஸ், செல்போன், பக்கத்தில் இருப்பவரின் கண்ணாடிக் கூடு, எதுவும் தப்பாது. அண்ணாமலை நகர் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குத் 'தாய்க்கோழி' என்றே பெயர். அங்கே முட்டையைச் சூட்டில் அடைகாக்கும் பழைய அடைப்பெட்டியில், கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளாமல் முட்டையைத் தானாகத் திருப்பும் மோட்டார் கிடையாது. ஆண்டுக்கணக்காக அந்த வேலையை அவள் கைதான் செய்கிறது.

"எங்கூட்டுக் கோழி அலகால திருப்பி வுடும். நான் கையால. அவ்ளோதான்" என்பாள். வீடு காடாம்புலியூர். முட்டையும் அங்கிருந்துதான் தவிடு நிரப்பிய வாளியில், பஸ்ஸில் அவள் மடிமேல் உட்கார்ந்து வரும்.

கருவில் இருக்கும் குஞ்சின் மூக்கில் முளைக்கும் நரம்பு, மூளைக்கு எப்படி வழி கண்டுபிடித்துப் போகிறது? இந்த ஒரு கேள்விதான் அவளைப் பிடித்து ஆட்டுகிறது. "யாரோ கூப்புடறாங்க, அதான் போவுது" என்று கண் விரியச் சொல்வாள். கூப்பிடுவது ஒரு புரதம் என்பது அவள் கட்சி. முட்டை ஓட்டில் சன்னல் வெட்டி, அந்தப் புரதத்தில் ஊறிய, கடுகிலும் சிறிய மணியொன்றைக் குஞ்சின் மூக்கருகே ஒரு பக்கமாக வைப்பாள். பிறகு டேப் ஒட்டி மூடுவாள். அவள் நினைப்பு சரியென்றால் நரம்பு மணியின் பக்கம் வளைய வேண்டும்.

எங்கே வளைந்தது? ஒவ்வொரு முறையும் மணி எங்கோ நழுவிக் கிடந்தது. "இந்த வாட்டியும் வரலைன்னா வேற தலைப்பு பாத்துக்கலாம்மா" என்றுவிட்டார் வழிகாட்டிப் பேராசிரியர் தேவநாதன்.

மறுநாள் அடைப்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, உடன் ஆய்வு செய்யும் வெண்மதியிடம் புலம்பித் தீர்த்தாள். வெண்மதியின் கண் அவள் கையிலேயே இருந்தது.

"அடியே, டேப் ஒட்டுன முட்டையையா திருப்பற?"

சன்னல் வெட்டிய முட்டையை அசைக்கவே கூடாது; உள்ளே வைத்த மணி நழுவிவிடும். புதிதாகச் சேருபவர்களுக்கு ஜெயராணியே சொல்லித்தரும் முதல் பாடம் அது. பாழாய்ப்போன கைக்குத்தான் தெரியவில்லை. "நாசமாப் போச்சு. நானேதாண்டி கெடுத்திருக்கேன்" என்று தலையில் அடித்துக்கொண்டவள் அப்படியே சிரித்துவிட்டாள். அப்படியானால் அவள் புரதம் இன்னும் தோற்கவில்லையே!

அடுத்த முட்டைகள் உள்ளே இருந்தவரை பெட்டிச் சாவி வெண்மதியின் கைப்பையில் இருந்தது.

இன்று காலை, குஞ்சின் தலையை மெல்லியதாகச் சீவிச் சாயமேற்றிய சீவலை வெண்மதி நுண்ணோக்கியில் பொருத்தித் தந்தாள். ஜெயராணி குனிந்து பார்த்தாள். பச்சை நரம்பிழைகள் மூக்கிலிருந்து கும்பலாகப் புறப்பட்டு, பாதி வழியில் திரும்பி, மணியை நோக்கி ஓடியிருந்தன.

"சார்... வளைஞ்சிருக்கு சார். கூப்ட்ட பக்கமே போயிருக்கு."

ஓடிவந்த தேவநாதன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "எனக்கு மங்கலாத் தெரியுதும்மா. குமிழக் கொஞ்சம் திருகி வுடு."

கண்ணாடித் தகட்டில் ஒட்டிய சீவலுக்கு இனி அவள் கையால் ஓர் ஆபத்தும் இல்லை. ஆனாலும் "நீங்களே திருப்பிக்கோங்க சார்" என்றாள் ஜெயராணி, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் அழுத்தி உட்கார்ந்தபடி.