மூன்றாம் ரகம்

ஆய்வகத்தில் கிருமி வளர்த்துப் பார்ப்பது அவள் வேலை. நிமோனியா கிருமி ரத்தத்தில் கலந்து கணவன் செத்தபோதும் அதை வளர்த்த கண்ணாடித் தட்டை அவள்தான் பார்த்தாள். அந்தக் கிருமியின் நூறு ரகங்களில் அது மூன்றாம் ரகம். கெட்டியான உறை போர்த்தி வழவழவென்று வளர்ந்திருந்தது. நாத்தனாரோ பார்த்தவர்களிடமெல்லாம், "இவ ஒழுங்கா கவனிச்சிருந்தா என் தம்பி போயிருக்க மாட்டான்" என்றாள். ஆறு வருஷம் இவள் வாய் திறக்கவில்லை. தட்டில் கிருமியையும் நெஞ்சில் வன்மத்தையும் வளர்த்தாள்.

போன மாதம் நாத்தனாருக்கே அந்த நோய். மகள் வீட்டில் நான்கு நாள் காய்ச்சலில் கிடந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அவள் ரத்தத்தில் வளர்ந்தது ஒன்றாம் ரகம். பத்தாம் நாள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

சொந்தக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நிற்கும் நேரம் பார்த்து இவள் போனாள்.

"அண்ணி, உங்களுக்கு வந்ததும் அதே கிருமிதான். ரகம்தான் வேற. இது பெரும்பாலும் ஆளை விட்டுடும், அது லேசுல விடாது. அவரை நான் முதல் நாளே கொண்டுவந்தேன், போயிட்டாரு. நீங்க நாலு நாள் கழிச்சு வந்தீங்க, பிழைச்சிட்டீங்க. சொல்லுங்க, அந்த நாலு நாளும் உங்களை யாரு அவ்வளவு நல்லா கவனிச்சது?"

நாத்தனார் மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.