மூக்கு கீழே பார்த்து நின்ற வண்டி

கியரை முன்னே போவதற்கான 'டி'யில் போட்டதும் என் வண்டிக்கு உடனே இழுப்பு வராது. காலையில் முதல் தடவை எடுக்கும்போது நான்கு விநாடி சும்மா உறுமிக்கொண்டிருக்கும். பிறகு அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும், மூக்கு ஒருமுறை குலுங்கும். அதற்கப்புறம்தான் நகரும். நான்கு விநாடி என்பது ஊகமல்ல. கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தது.

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி அது. கம்பம்மெட்டுப் பக்கம் அப்படிப்பட்ட வண்டிகளுக்குக் குறைவில்லை. ஆனால் எங்கள் தெருவில் கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் என்னுடையது மட்டும்தான். ஆடம்பரத்துக்காக வாங்கவில்லை. என் இடது முழங்காலுக்கும் கிளட்சுக்கும் ஆகாது. இந்த வண்டி போனால் நான் ஓட்டுவதற்கு வேறு வண்டி இல்லை. டிரிப் ஜீப்பில் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்து போக வேண்டியதுதான்.

எங்கள் வாசல் சரிவுக்கு நேர் கீழே ஜீப் ஸ்டாண்ட். நான் கியரை இழுப்பது முன்கண்ணாடி வழியே அங்கிருந்து தெரியும். டிரைவர்கள் சேர்ந்து எண்ணுவார்கள்: "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு!" டொக் கேட்டதும் கைதட்டல். "சாரு வண்டி ஜெபத்த முடிச்சிருச்சுடா, வழி விடுங்க" என்பார் அவர்களில் மூத்தவர்.

காரணத்தைக் கண்டுபிடிக்க நானே இறங்கினேன். செய்தித்தாளில் வேலை பார்த்தவன். எதையும் குறித்துவைத்தால் உண்மை தானாக வெளிவரும் என்று நம்புகிறவன். கியர் ஆயிலின் அளவு சரியில்லாவிட்டால் இப்படிக் கோளாறு வரும் என்று வண்டியின் கையேடு சொன்னது. அளவை எப்படிப் பார்ப்பது என்பது அடுத்த பக்கத்தில் இருந்திருக்கும். அந்தப் பக்கத்தைக் கரையான் படித்து முடித்திருந்தது.

அதனால் இன்ஜின் ஆயிலைப் பார்ப்பதுபோலவே பார்த்தேன். தினமும் காலை ஆறரைக்கு, இன்ஜினைப் போடும் முன், அளவுக் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். எல்லா நாளும் மேல்கோட்டுக்கு இரண்டு விரல் மேலே ஆயில். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டுக்கூட ஒழுகியிருக்கவில்லை. ஆக, ஆயில் கூடுதல். ஊசிக்குழலில் மெல்லிய டியூபை மாட்டி ஒரு தம்ளர் அளவு உறிஞ்சி எடுத்தேன். ஒரு வாரம் கழித்து இன்னொரு தம்ளர். இரண்டையும் தனித்தனி பாட்டிலில் ஊற்றித் தேதி எழுதி ஒட்டினேன்.

தாமதம் ஏழு விநாடியானது. காலையில் மட்டும் என்பது போய், எப்போது நிறுத்தி எடுத்தாலும் என்றானது. ஆயில் எடுத்ததையும் தாமதம் கூடியதையும் ஒரே பக்கத்தில்தான் எழுதியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் படிக்கத்தான் தோன்றவில்லை.

செக்போஸ்ட் ஏற்றத்தில் அது நடந்தது. தடுப்பு உயர்ந்ததும் 'டி'யில் போட்டு, அவசரத்தில் பிரேக்கை விட்டேன். வண்டி பின்னால் உருண்டது. முட்டைக்கோஸ் லாரி ஒன்றுக்கு ஒரு சாண் முன்னால் மறுபடி பிரேக் பிடித்தேன். பக்கத்தில் இருந்த என் மனைவி கதவைத் திறந்து இறங்கி வீட்டுக்கு நடந்துவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது தீர்ப்பு தயாராக இருந்தது.

"பழைய வண்டி வாங்குற கம்பத்து ஆளு சனிக்கிழமை வாராரு. அதுக்குள்ள சரியாச்சுன்னா டீ குடிச்சிட்டுப் போகட்டும். ஆகலைன்னா வண்டியோட போகட்டும்."

வெள்ளிக்கிழமை மதியம் ஜங்ஷனில் ஜீப் பழுது பார்க்கும் மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். "நான் கிளட்ச் பாத்த கையிண்ணே. ஆனா ஆயிலு எல்லா வண்டிக்கும் ஆயிலுதேன்" என்றார். பானட்டைத் திறக்கவில்லை. தள்ளி நின்று வண்டியைப் பக்கவாட்டில் பார்த்தார்.

"ஏண்ணே, வண்டிய மூக்கு கீழ பாத்து நிப்பாட்டியிருக்கீக?"

"எல்லாரும் அப்படித்தானே நிப்பாட்டுறாங்க? பேட்டரி செத்துப்போனா உருட்டி ஸ்டார்ட் பண்ணலாம்ல."

"இத உருட்டி ஸ்டார்ட் பண்ண முடியுமா?"

முடியாது. ஆட்டோமேட்டிக் வண்டி உருட்டினால் உயிர் பெறாது என்பது வாங்கிய அன்றே எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த மலையில் வண்டியை இறக்கம் பார்த்து நிறுத்தாதவனை டிரைவர் என்றே யாரும் மதிப்பதில்லை.

மெக்கானிக் கையிலிருந்த டீ தம்ளரைச் சாய்த்துக் காட்டினார். "குச்சி முன்பக்கம் இருக்கு. மூக்கு கீழ போனா ஆயிலு எங்கிட்டுப் போகும்? இதுல இன்ஜின் ஓடாம வேற பாத்திருக்கீக. ஓடுனாத்தேன் ஆயிலு உள்ள ஏறும், நெசமான அளவு தெரியும். மட்டமான எடம் ஒண்ணு சொல்லுங்க."

இருவரும் யோசித்தோம். ரோடு சரிவு, வாசல் சரிவு, ஜீப் ஸ்டாண்டும் சரிவு. எங்கள் சமையலறையிலேயே தக்காளி உருளும். கடைசியில் சர்ச் வாலிபால் மைதானம் நினைவுக்கு வந்தது. நன்றாகச் சூடாகட்டும் என்று சுற்றுவழியில் ஓட்டிப் போனோம். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

"அஞ்சே நிமிசம் சார்" என்றார் கேப்டன். "கோடு அழிஞ்சா சுண்ணாம்பு நீங்கதான் போடணும்."

வலைக்கு அடியில் வண்டி நின்றது. இரண்டு அணியும் சுற்றி நின்றன. இன்ஜின் ஓட, எல்லா கியரிலும் ஒருமுறை போட்டு, நிறுத்தத்துக்கான 'பி'க்குக் கொண்டுவந்தேன். மெக்கானிக் குச்சியை உருவினார். நுனியில் மட்டும் ஈரம்.

"இருந்ததே கம்மி. அதுலயும் நீங்க உறிஞ்சிருக்கீக" என்றார். பிறகு ரேடியேட்டர் பக்கம் கைவிட்டு, ஆயில் டியூப் ஒன்றின் கிளிப் தளர்ந்திருப்பதைக் காட்டினார். நான் தேடிய சொட்டுகள் தரைக்கு வரவேயில்லை. அடியிலுள்ள தகட்டில் குளமாகத் தேங்கியிருந்தன.

கிளிப்பை மாற்றினார். என் பாட்டில்களை நீட்டினேன். அவர் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். "தேதியெல்லாம் சுத்தமாத்தேன் இருக்கு. ஆயிலுதேன் அழுக்கு." புது ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக, குச்சியைப் பார்த்துப் பார்த்து ஊற்றினார். 'டி'யில் போட்டதும் இழுத்தது. ஆனால் சூட்டில் இழுப்பது சாட்சியாகாது. கோளாறு தொடங்கியதே காலைக் குளிரில்தான். அழிந்த கோட்டுக்கு நான் சுண்ணாம்பு போட்டுவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை ஏழு மணிக்கே கம்பத்து ஆள் வந்துவிட்டார். வண்டி இம்முறை மூக்கு மேலே பார்த்து, பின்சக்கரத்துக்கு ஒரு கல் முட்டுக்கொடுத்து நின்றது. மனைவி படியில் கைகட்டி நின்றாள். 'டி'க்குப் போகும் வழியில் கியர் ரிவர்ஸுக்கான 'ஆர்'ஐத் தாண்டியபோது பின்விளக்கு மினுங்கியது. நான் கியர் போடுகிறேன் என்று ஸ்டாண்டுக்குத் தெரிய அது போதும்.

"ஒண்ணு..." என்றார்கள் கீழே.

வண்டி உடனே ஒரு முழம் மேலே ஏறியது. பிரேக்கில் நிறுத்தினேன். கல் சக்கரத்தை விட்டுத் தனியே கிடந்தது.

எண்ணிக்கை அதோடு நின்றது. "சே, காலங்காத்தால ஆட்டம் போச்சே" என்று மூத்த டிரைவர் மட்டும் சொன்னார்.

மனைவி கம்பத்து ஆள் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, டீக்குச் சீனி போடலாம்ல?"