நாலு சுரம், நாலு வளைகோடு

அந்த அச்சகத்தில் அவளுக்கு ‘வளைகோட்டு அக்கா’ என்றுதான் பெயர். பியானோ புத்தகங்களுக்கு இசைக்குறிகளைக் கம்ப்யூட்டரில் கோப்பது வேலை. நாலு சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டு அடுத்த கட்டத்துக்கும் நீள வேண்டுமென்றால், சுரத்துக்கொன்றாக நாலு வளைகோடு வேண்டும், அது டை. வெவ்வேறு கார்டுகளை இழைத்து வாசிக்கச் சொல்வது ஸ்லர். அதற்கு மொத்தமாக ஒன்றே போதும். சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் தானே போட்டுவிடும். ஆனால் கடனுக்கு மாரடிக்கும். ஒரு வளைவு புள்ளியில் போய் இடிக்கும், இன்னொன்று குறுக்குக்கோட்டோடு ஒட்டி மறையும்.

இவளுக்குப் பொறுக்குமா? ஒரு பெரிய புத்தகத்தின் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு வளைவாக மவுஸால் பிடித்தாள். மேலிரண்டை மேலே வளைத்தாள், கீழிரண்டைக் கீழே வளைத்தாள், மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். பதினோரு மாதம் போனது. மணிக்கட்டு வீங்கியது.

“நீ நகர்த்துறது எறும்புக்குக்கூடத் தெரியாதுடி,” என்றான் கணவன்.

“வாசிக்கிறவங்களுக்குத் தெரியும்,” என்றாள். அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவள் காலம் ஓடியது.

கைவலிக்கு இரண்டு நாள் லீவு போட்டாள். அதற்குள் முதலாளி பக்கத்தின் அளவைச் சுருக்கிவிட்டார்.

“உன் வளைவெல்லாம் கோணல்மாணலா நின்னுச்சும்மா. ஒரே பட்டன், எல்லாம் சாஃப்ட்வேர் முதல்ல போட்ட இடத்துக்கே போயிடுச்சு. அச்சுக்கும் அனுப்பியாச்சு.”

“எல்லாமேவா சார்?”

“அரை நிமிஷம்கூட ஆகல!”

அதே ஃபைலின் மேலேயே சேமித்திருந்தார். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அப்புறம் ஒரு வைராக்கியம் வந்தது. புத்தகம் வெளியே போகட்டும், வாசிக்கிறவர்கள் காறித் துப்பட்டும், அப்போது புரியும் இந்த மனுஷனுக்கு. யாராவது திட்டிக் கடிதம் போடமாட்டார்களா என்று தினமும் தபாலைப் பார்த்தாள். நல்லது நடக்க வேண்டிக்கொள்பவர்கள்கூட அப்படி வேண்டியிருக்க மாட்டார்கள்.

புத்தகம் வெளியான ஐந்தாவது வாரம் கடிதம் வந்தது. அந்தப் புத்தகம் முழுவதையும் மேடையில் வாசித்த பியானோக்காரர் எழுதியிருந்தார். முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு உரக்கப் படித்தார்.

“‘இவ்வளவு தெளிவான பக்கங்களை நான் பார்த்ததே இல்லை. குறிப்பாக அந்த வளைகோடுகள்! வைத்த கைக்கு என் வணக்கம்.’ உனக்குத்தாம்மா!”

எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? கைதட்டல் ஓயும்வரை நின்றுவிட்டு முதலாளியிடம் போனாள்.

“சார், அந்தப் பட்டன் எங்க இருக்குன்னு எனக்கும் காட்டுங்க.”